என் கள்ளிக்கு வந்த கொப்புளிப்பான்

போன ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் என் போட்டோக் கொப்பிக் கடைக்கு அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தவர்களில் பாதிப்பேர் ஒரு மருந்தும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். எனக்கில்லை. மேசையில் நின்ற கள்ளிக்கு.

"என்ன தங்கச்சி, உதுக்குக் கொப்புளிப்பான் வந்திட்டுதோ?" என்று தொடக்கிவைத்தவர் ஒரு ஓட்டோக்காரர். வேப்பிலை செருகச் சொன்னார். அடுத்து வந்த ரீச்சர் அது கண்ணூறு என்றார், செத்தல் மிளகாய் சுற்றிப்போடச் சொன்னார். பிறகு தேசிக்காய்த் தண்ணீர், அடுப்புச் சாம்பல், பால் கலந்த தண்ணீர். உயர்தரம் படிக்கிற ஒரு பெடியன் பாஸ்ட் பேப்பர் எடுக்க வந்தவன், கைபேசியில் இரண்டு நிமிடம் தேடிவிட்டு, "அக்கா, உது பங்கசு. இனித் தப்பாது" என்று மரணச் சான்றிதழே எழுதிவிட்டான்.

வெட்கக்கேடு என்னவென்றால், சொன்னவற்றில் அரைவாசியை நான் செய்தும் பார்த்தேன். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தால், அந்த உடம்பில் இருந்தது நாலு வகைப் புள்ளி. ஒன்று வருத்தமே இல்லை. மற்ற மூன்றும் என் கையால் வந்தவை.

கடை கொக்குவிலில், கே.கே.எஸ். வீதியோரம். வீதிக்குக் கிழக்குப் பக்கம், ஆகவே வாசல் மேற்கே பார்த்தது. இந்தத் திசை விசயம் கதைக்குத் தேவை, கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். கள்ளியை வாங்கியது நல்லூர்த் தீர்த்தத்தன்று. திருவிழாக் கடைகளுக்கு நடுவில் ஒருவர் மலைநாட்டுப் பக்கமிருந்து பூக்கன்று கொண்டுவந்து பச்சை வலைக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தார். ரோசா, ஓர்க்கிட் எல்லாவற்றுக்கும் பின்னால் இது தூண்போல நின்றது. ஒன்றரை அடி உயரம், ஆறு விளிம்பு, மேலெல்லாம் மெல்லிசாக விபூதி பூசினதுபோல ஒரு நீலச் சாம்பல் பூச்சு. 900 ரூபா சொன்னார், 750க்குத் தந்தார். பெயர் கேட்டேன். "கக்டஸ்" என்றார். அது செரியஸ் என்கிற இனம் என்பதைப் பிறகு நானாகத் தேடித்தான் அறிந்தேன். எப்படிப் பராமரிப்பது என்றதற்கு, "நல்ல வெயில், கிழமைக்கு ஒருக்காத் தண்ணி" என்றார். பிழை சொல்லவில்லை. ஆனால் எந்த வெயில், எந்த மண்ணில் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் எடுக்க அம்மா விடவில்லை. "கள்ளி வச்ச வீடு உருப்படாது" என்று படலையிலேயே மறித்துவிட்டா. அப்படித்தான் அது கடைக்கு வந்தது. அம்மாவுக்கு முள் இருந்தால் எல்லாம் கள்ளி. எனக்கும் அப்படித்தான். வேலியில் நிற்கிற சதுரக்கள்ளியும் கடற்கரையில் படர்ந்து கிடக்கிற நாகதாளியும் அண்ணன் தம்பி என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். சதுரக்கள்ளியும் கொம்புக்கள்ளியும் ஆமணக்கின் சொந்தக்காரர். கீறினால் வெள்ளைப் பால் வடியும், கண்ணில் பட்டால் பொல்லாதது. நாகதாளியும் என்னுடைய தூணும் வேறு குடும்பம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பால் இல்லை. முள் ஒவ்வொரு கொத்தும் ஒரு சின்னப் பஞ்சு மெத்தையிலிருந்து கிளம்பும். அந்த மெத்தை இருந்தால் கக்டஸ், இல்லாவிட்டால் என்னதான் முள் இருந்தாலும் கக்டஸ் இல்லை. இன்னொன்றும் படித்தேன்: இலங்கைக் காடுகளில் யாரும் நடாமல் தானாக வளர்கிற கக்டஸ் ஒன்று இருக்கிறது, ரிப்சாலிஸ் என்று. ஈரமான காட்டில் மரக்கிளையிலிருந்து சடைபோலத் தொங்கும். அம்மாவுக்கு அதைக் காட்டினால் கள்ளி என்று சொல்லவே மாட்டா.

சரி, புள்ளிக்கு வருவோம்.

வெயில் வேண்டும் என்றாரே, கடைப் படியில் கொண்டுபோய் வைத்தேன். ஆவணிக் கடைசி. யாழ்ப்பாணத்துக்குச் சூரியன் வருசத்தில் இரண்டு தரம் நேர் உச்சிக்கு வரும், சித்திரைப் பக்கம் ஒன்று, ஓகஸ்ட் கடைசியில் ஒன்று. அந்த இரண்டாம் தரம் வருகிற கிழமைகளில்தான் நான் வலைக்குக் கீழே வளர்ந்த கன்றை மேற்குப் பார்த்த சீமெந்துப் படியில் நிறுத்தினேன். பின்னேரம் நாலு மணிக்கு அந்தப் படியில் வெறுங்காலோடு நிற்க ஏலாது. பத்து நாளில் வீதியைப் பார்த்த இரண்டு விளிம்புகளும் வெளிறின, பழைய கடதாசி மாதிரி ஒரு மஞ்சள். பிறகு அந்த மஞ்சள் மண்ணிறமாகிக் காய்ந்தது.

முள் இருக்கிற கன்றுக்கு வெயில் சுடுமா என்று நானும் யோசித்தேன். பாலைவனத்து ஆள்தானே. அதற்குப் பதில் வருசக்கணக்காக என் கடையிலேயே இருந்திருக்கிறது, நான் வாசிக்கவில்லை. உயர்தர உயிரியல் வினாத்தாளில் அன்னாசியையும் கள்ளியையும் பற்றிக் கேட்பார்கள். இவை பகலில் இலைவாயை, அதாவது தோலில் இருக்கிற நுண்துளைகளை, மூடி வைத்திருக்கும். இரவில் திறந்து காபனீரொட்சைட்டை எடுத்து அமிலமாகச் சேமித்து, அடுத்த நாள் வெளிச்சத்தில் அதைக்கொண்டு சமைக்கும். தண்ணீர் மிச்சம் பிடிக்க நல்ல வழி. ஆனால் பகலில் வாயை மூடிக்கொண்டிருந்தால் வியர்க்க முடியாது. மற்றக் கன்றுகள் நீராவியை விட்டு உடம்பைக் குளிர்விக்கும். இது விடாது, தோலைத்தான் நம்பியிருக்கும். வெயிலில் வளர்ந்த தோல் தடித்திருக்கும், மெழுகும் கூட. வலைக்குக் கீழே வளர்ந்த தோலுக்கு அந்தப் பயிற்சி இல்லை. காலை வெயிலில் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று இரண்டு மூன்று கிழமையில் பழக்கியிருந்தால் அதே படியில் சிரித்துக்கொண்டு நின்றிருக்கும்.

வெயில் சுட்ட இடம் திரும்பப் பச்சையாகாது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. மருந்து போட்டால் மாறும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தழும்பு மாறுமா?

இதற்கிடையில் அடிப்பகுதியையும் கவனித்துவிட்டேன். மண்ணிலிருந்து ஒரு மூன்று விரல் உயரத்துக்குத் தோல் மண்ணிறமாக, முரடாக, முருங்கை மரத்துப் பட்டைமாதிரி இருந்தது. வாங்கும்போதே இருந்திருக்க வேண்டும், ஆனால் பயந்த கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியும். மேற்கில் ஒரு மண்ணிறம், அடியில் ஒரு மண்ணிறம், இரண்டும் ஒரே வருத்தம், மேலே ஏறுகிறது என்று முடிவுகட்டினேன்.

அன்று செய்த வேலையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பழைய பல்லுப் பிரஷ் ஒன்றை எடுத்து, சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து, அந்தப் பட்டையைத் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஒரு இடத்தில் பச்சைத் தோல் கிழிந்து ஈரம் கசிந்தது. அதன்மேல் வேப்பெண்ணெய் பூசினேன். அடியோடு விட்டேனா, நல்லதுக்குத்தானே என்று முழு உடம்புக்கும் பூசி, காயட்டும் என்று திரும்பவும் படியில் வைத்தேன். எண்ணெய் பூசி வெயிலில் வைத்தால் என்ன நடக்கும் என்று அப்பளம் பொரிக்கிற எனக்குத் தெரியாமல் போனது. விபூதிப் பூச்சு முழுதும் எண்ணெயோடு கழன்று போய், மேற்குப் பக்கத் தழும்பு இன்னும் இரண்டு விரல் அகன்றது. அந்தச் சாம்பல் பூச்சுத்தான் அதன் குடை. குடையைக் கழற்றி எறிந்துவிட்டு வெயிலில் நிறுத்தியிருக்கிறேன்.

அந்த அடிப் பட்டை வருத்தமே இல்லை. தூணாக வளர்கிற கள்ளிகள் வயது போகப் போக அடியிலிருந்து தக்கை பிடிக்கும். உயரத்தைத் தாங்க வேண்டுமே. கீழிருந்து மேலே மெதுவாக ஏறும், தட்டினால் மரம்போலக் கேட்கும், சுற்றிவர ஒரே மாதிரி இருக்கும். அவ்வளவுதான். கிழவனின் குதிக்காலைக் கல்லால் உரசி வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, ஒரு விவசாய மருந்துக் கடைக்குப் போனேன். கைபேசியில் படத்தைக் காட்டினேன். அந்தத் தம்பி படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை, ஒரு பங்கசுநாசினிப் பைக்கற்றை எடுத்து வைத்தார். "வெங்காயத்துக்கு அடிக்கிறதுதான், இதுக்கும் சரிவரும்." இரண்டு தரம் அடித்தேன். அதோடு தினமும் விடியக் கிணற்றுத் தண்ணீரை ஸ்பிரே போத்தலில் ஊற்றி மேலெல்லாம் அடிப்பேன், குளிர்மையாக இருக்கட்டும் என்று. இரண்டு கிழமையில் உடம்பு முழுக்கக் கடுகளவு புள்ளிகள், மங்கல் மண்ணிறம். ஓட்டோக்காரர் கொப்புளிப்பான் என்று கேட்டது இந்தக் கட்டத்தில்தான். அவரில் பிழையில்லை, பார்க்க அப்படியேதான் இருந்தது.

அந்த நாட்களில் ஓய்வூதியக் கடதாசி கொப்பி எடுக்க ஒரு ஐயா வருவார், கமத்தொழில் திணைக்களத்தில் இருந்து இளைப்பாறியவர். கரண்ட் போய் மெசின் நின்றுவிட, கதிரையில் இருந்து கள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இந்தப் புள்ளி போன கிழமையும் இவ்வளவுதானோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கூடினமாதிரியும் இருந்தது, அப்படியே இருக்கிறமாதிரியும் இருந்தது.

"அது தெரியாமல் என்னத்துக்கு மருந்து அடிச்சனீர்?" என்றார். அதற்குப் பிறகு கரண்ட் வரும்வரைக்கும் உருளைக்கிழங்கு வெளிறல் நோயைப் பற்றிக் கதைத்தார். அடிப் பட்டையைச் சீவி எடுத்தால் நல்லது என்றும் சொன்னார், அது பிழை. ஆனால் அந்த முதல் கேள்வி பெறுமதியானது.

என் கடையில் இல்லாத சாமானா. லாச்சியைத் திறந்து ஒரு நீல மார்க்கரை எடுத்தேன், சீடியில் எழுதுகிற மெல்லிய முனை. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் ஓரத்திலேயே, ஒரு மயிரிழை இடைவெளியும் விடாமல், வட்டம் போட்டேன். பக்கத்தில் பொடி எழுத்தில் திகதி. அடிப் பட்டைக்கு மேல் ஓரத்தில் சுற்றிவர ஒரு கோடு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். "காணி அளக்கிறியளோ அக்கா?" அளந்ததுதான். காணிச் சண்டைக்கும் எல்லைக்கல்தானே முதல் சாட்சி.

வட்டம் போடும்போதே ஒரு வகை பிடிபட்டது. கடுகுப் புள்ளி ஒன்றில் மார்க்கர் முனை பட்டதும் அது பொருக்காக உடைந்து உதிர்ந்தது. கீழே நல்ல பச்சைத் தோல். இன்னொன்றை நகத்தால் சுரண்டினேன், அதுவும் கழன்றது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்புதான். எங்கள் கிணறெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தோண்டியவை. தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்பு மிஞ்சும். அதில் மருந்துத் தூளும் வீதிப் புழுதியும் ஒட்டி மண்ணிறமாகி நின்றிருக்கிறது. வினாகிரி நாலு துளி விட்ட தண்ணீரில் மெல்லிய துணியைத் தோய்த்து ஒற்றி எடுத்து, பிறகு மழைத் தண்ணீரால் கழுவிவிட்டேன். கொப்புளிப்பான் ஒரு பின்னேரத்தில் மாறியது.

சுரண்டினால் கழலுவதில் இன்னொரு ஆளும் உண்டு, செதில் பூச்சி. அது சின்னக் கேடயம்போல ஒட்டியிருக்கும், நகத்தால் நெம்பினால் மூடிபோல முழுதாகக் கழன்று, கீழே ஈரமாக இருக்கும். பஞ்சில் ஸ்பிறிற் தோய்த்து ஒவ்வொன்றாகத் துடைத்தால் போதும். என்னுடையதில் அது இல்லை. சிற்றுண்ணியா என்று பார்க்க, வெள்ளை ஏ4 தாளைக் கீழே பிடித்து மெதுவாகத் தட்டினேன். தூள் விழுந்து, அந்தத் தூள் நடக்கத் தொடங்கினால் சிற்றுண்ணி. விழுந்தது நடக்கவில்லை. சிற்றுண்ணி அநேகமாக நுனியில், இளம் தோலில், துருப்பிடித்த மாதிரி நிறத்தோடும் நூலோடும் தொடங்கும் என்று பிறகு அறிந்தேன்.

பூச்சி என்றதும் ஒரு பழைய கதை. கொச்சினீல் என்று ஒரு பூச்சி, வெள்ளைப் பஞ்சுபோலக் கள்ளியில் ஒட்டியிருக்கும், நசித்தால் இரத்தச் சிவப்பு. அந்தச் சாயத்துக்காக 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது பிழையான இனம். நல்ல சாயம் தரவில்லை, ஆனால் சப்பாத்துக்கள்ளியைத் தின்று தீர்த்தது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து 1860களில் கள்ளிப் பற்றைகளை ஒழிக்க இலங்கைக்கும் கொண்டுவந்தார்களாம். வேண்டாத பூண்டை ஒழிக்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேண்டுமென்றே பூச்சியைக் கொண்டுபோனதில் அதுதான் உலகத்தில் முதல் தடவை என்கிறார்கள். கள்ளிக்கு மருந்து தேடப் போய், கள்ளியையே ஒழிக்கிற மருந்தைப் படித்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேற்குப் பக்கத் தழும்பு எல்லைக்குள்ளேயே இருந்தது. அடிப் பட்டையும் அப்படியே. நிம்மதியாகச் சாடியைத் திருப்பினேன், பின்பக்கத்தில் ஒரு வட்டம் மட்டும் நிறைந்து வழிந்திருந்தது. நான் பிரஷால் தேய்த்துக் கிழித்த அதே இடம். மண்ணிலிருந்து நாலு விரல் மேலே. போட்ட அன்று கச்சான் கொட்டையளவு. ஏழு நாளில் நீலக் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் போயிருந்தது. ஓரம் மற்றவைபோலக் காய்ந்து நறுக்காக இல்லை, எண்ணெய் ஊறிய கடதாசிமாதிரி ஒரு கண்ணாடித்தனம்.

பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். தழும்பு மட்டைபோல டொக் என்றது. பட்டை மரம்போல. இந்த இடத்தில் சத்தமே வரவில்லை. பேனா உள்ளே இறங்கியது, கனிந்த வாழைப்பழத்தை அமத்தினமாதிரி, எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மூக்கைக் கொண்டுபோனேன். ஊறவைத்து மறந்துபோன உழுந்தின் மணம்.

இதுதான் அழுகல். உண்மையான நோயாளி இது ஒன்றுதான், அதுவும் மற்ற மூன்றுக்கும் பின்னால் ஒளிந்து நின்றிருக்கிறது. காரணமும் தெரிந்ததுதான். கார்த்திகை மழை. சாடி நின்றது தாவாரத் தண்ணீர் விழுகிற இடம். தோலில் நான் போட்ட கிழிசல். மேலே பார்த்தால் மண் காய்ந்திருக்கும், ஆனால் விற்றவர்கள் வேரைச் சுற்றித் தும்புத் தூளை அமத்தி வைத்திருந்தார்கள், அது உள்ளே பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. வலைக்குக் கீழே மலைநாட்டில் அது சரிவரலாம். இங்கே மழைக் காலத்தில் அது ஈரச் சாக்கு.

மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். வெட்ட மனமில்லை. மிச்சமிருந்த பங்கசுநாசினியை இன்னொரு தரம் அடித்தேன், அழுகிய சதையை எந்த மருந்தும் திரும்ப நல்லதாக்காது என்று தெரிந்தும். நாலாம் நாள் மழை விட்டது. அழுகல் மேலே எங்காவது, ஆழமில்லாமல் இருந்தால் கரண்டியால் தோண்டுவதுபோல அந்த இடத்தை மட்டும் எடுத்துக் காயவிடலாம். இது அடியில், வேருக்குப் பக்கத்தில். தலையை வெட்டித் தனியாக நடுவதைத் தவிர வழியில்லை.

பேப்பர் வெட்டுகிற கட்டருக்குப் புது அலகு போட்டேன். மெல்லிய அலகு சதையை நசிக்காது. ஸ்கேனர் கண்ணாடி துடைக்க வைத்திருக்கிற ஸ்பிறிற்றால் அலகைத் துடைத்தேன். ஏ3 தாளை நாலாக மடித்துப் பட்டிபோலக் கள்ளியின் இடுப்பில் சுற்றி, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்தால் முள் கையில் ஏறாது. கடையில் அந்த நேரம் யாரும் இல்லை. நல்லகாலம்.

முதல் வெட்டு அழுகலுக்கு மேலே ஒரு அங்குலத்தில். கட்டர் வெண்ணெயில் போவதுபோலப் போனது. பால் வரும் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, வரவில்லை, வழுவழு என்று தெளிந்த சாறுதான். வெட்டுமுகம் ஆறு முனை நட்சத்திரம். வெளிப்பக்கம் பச்சை, உள்ளே வெள்ளை, நடுவில் ஒரு வளையம், தண்ணீரையும் உணவையும் கொண்டுபோகிற காழும் உரியமும் ஓடுகிற இடம். அந்த வளையத்தில் செம்மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாகப் பதினொன்று. வெளியே ஒரு மாசு இல்லை. வெளித்தோலை மட்டும் பார்த்திருந்தால் இங்கேயே நிறுத்தியிருப்பேன்.

அலகைத் துடைத்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தியே நோயை மேலே ஏற்றிவிடும். அரை அங்குலம் மேலே அடுத்த வெட்டு. ஆறு பொட்டு. துடைத்தேன். அடுத்தது, மூன்று. அடுத்தது, இரண்டு, நிறம் வெளிறித் தேத்தண்ணீர்க் கறைபோல. இவ்வளவும் போதாதா என்று கை நின்றது. மேசையில் நட்சத்திரங்கள் வரிசையாகக் கிடந்தன, ஒன்றரை அடிக் கன்று ஒரு அடியாகியிருந்தது. இன்னும் ஒரு வெட்டு. வெள்ளை. வெளிச்சத்துக்குப் பிடித்து, வாசிக்கிற கண்ணாடியையும் போட்டுக்கொண்டு பார்த்தேன். வளையம் முழுதும் வெள்ளை. மனம் கேளாமல் அதற்கு மேலே இன்னொரு மெல்லிய சீவல் எடுத்தேன், அதுவும் வெள்ளை.

பிறகு வெட்டின ஓரத்தை ஆறு விளிம்பிலும் சுற்றிவரச் சரிவாகச் சீவினேன், பென்சில் சீவுவதுபோல. காயும்போது நடுச் சதை சுருங்கி உள்ளே இழுக்கும், தோல் ஓரம் கூராக நின்றால் கிண்ணம்போலக் குழிந்து ஈரம் தங்கும். கந்தகத் தூள் தேடினேன், கையில் கிடைக்கவில்லை. குசினியில் கறுவாத் தூள் இருந்தது, அதை மெல்லிசாகத் தூவினேன். உண்மையைச் சொன்னால் காயத்தை ஆற்றியது கறுவா இல்லை, காற்று.

மார்கழி ஈரத்தில் காற்று எங்கே? அது என் கடையில் இருந்தது. போட்டோக் கொப்பி மெசினின் வலப்பக்கத்தில் ஒரு காற்றாடி சூட்டை வெளியே தள்ளும். பரீட்சை நேரத்தில் நாள் முழுக்க ஓடும், இளஞ்சூடான காய்ந்த காற்று. ஒரு பால்மாப் பேணிக்குள் கடதாசியைச் சுருட்டிச் செருகி, வெட்டுமுகம் அடியில் முட்டாமல் கள்ளியை அதில் நிமிர்த்தி வைத்தேன். படுக்கப் போட்டால் தண்டு வளையும். பதினாலு நாள். வெட்டுமுகம் முதலில் ஒட்டியது, பிறகு இறுகியது, கடைசியில் காய்ந்த ஒடியல் நிறத்தில் கட்டியாகி நகத்தால் தட்டினால் சத்தம் கேட்டது.

அம்மா இரண்டு தரம் கடைக்கு வந்துபோனா. பேணியில் நின்ற மொட்டைத் துண்டைப் பார்த்து, "எறியன் அதை" என்றா. மூன்றாம் தரம் வந்தபோது, "குளிருமே அதுக்கு, காத்துப் படாமல் வை" என்றா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

மண்ணுக்கு அதிகம் மினக்கெடவில்லை. உடைந்த செங்கல்லை இடித்து அரிதட்டில் அரித்து, தூளைக் கழித்து, உழுந்திலிருந்து கடலை வரையான துண்டுகள் இரண்டு பங்கு. கட்டட வேலைக்கு வைத்திருந்த பரும் மணல் கழுவி ஒரு பங்கு. நன்றாக உக்கிய மாட்டெரு ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. எங்கள் சிவப்பு மண்ணும் தனியாக வேண்டாம், மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அது தங்கம், சாடிக்குள் நனைந்து காய்ந்தால் சீமெந்து. பீங்கான் சாடியைக் கைவிட்டு, அடியில் ஓட்டையுள்ள மண்சாடி வாங்கினேன். அது பக்கத்தாலும் ஈரத்தை விடும். நட்ட பிறகு பத்து நாள் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் கடினமான வைத்தியம். கை துடித்துக்கொண்டே இருக்கும்.

தைப்பொங்கல் கழிந்து, பெடியள் பட்டம் விடுகிற காற்றடித்த ஒரு நாள், மெதுவாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது.

இப்போது நுனியில் இரண்டு அங்குலம் புதிதாக வளர்ந்திருக்கிறது. அந்தப் புதுத் தோலில் விபூதிப் பூச்சும் இருக்கிறது. மேற்குப் பக்கத் தழும்பு அப்படியே, அதை வீதிப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன், சுட்ட தோலே சுடட்டும். காலையில் கடைக்குப் பின்னால் ஒரு மணித்தியாலம் வெயில், பிறகு உள்ளே. தண்ணீர் சாடியைத் தூக்கிப் பார்த்துப் பாரம் குறைந்தால் மட்டும், வேருக்கு மட்டும். மழைத் தண்ணீர் ஒரு வாளியில் பிடித்து மூடி வைத்திருக்கிறேன்.

போன கிழமை நுனிக்குப் பக்கத்தில் ஒரு புதுப் புள்ளி. கருமண்ணிறம், மிளகளவு. நெஞ்சு ஒரு தரம் நின்று துடித்தது. மார்க்கரை எடுத்து வட்டம் போட்டு, திகதி எழுதி, பேனாவால் தட்டிப் பார்த்து, வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருந்தேன். கூடவில்லை, குறையவுமில்லை. ஈரத் துணியால் ஒற்றினேன், புள்ளி துணியோடு வந்துவிட்டது. மெசினுக்கு ரோனர் மாற்றிய அன்று சிந்தின தூள். வட்டமும் திகதியும்தான் போகவில்லை, பெர்மனன்ட் மார்க்கர்.